செட்டிகுளத்து ஜெல்லிமீனுக்கு இரண்டு பேர்

“செத்துப்போன புள்ள பேரைப் புடுங்க உங்களுக்கு எப்படி சார் மனசு வருது?” என்று காலேஜ் விலங்கியல் டீச்சர் பூங்குழலி நடுத்தெருவில் கத்தியபோது, விளக்குக் கம்ப உயரத்தில் ஐம்பது அறுபது ஜெல்லிமீன்கள் மிதந்துகொண்டிருந்தன.

“நான் எங்க டீச்சர் புடுங்கறேன்? ஒரே உசுருக்கு ரெண்டு பேரு இருந்தா மொதல்ல வெச்சதுதான் நிக்கும். உலகத்துக்கே அதான் ரூல்,” என்றார் ஸ்கூல் வாத்தியார் தாண்டவராயன்.

“ஒரே உசுருன்னு நீங்க பாத்தீங்களா?”



மழை விட்டதும் செட்டிகுளத்திலிருந்து ஜெல்லிமீன்கள் எழும்பிவருவது மூன்று வருடமாக நடக்கிறது. கட்டைவிரல் நகமளவுதான். காயப்போட்ட துணியில் ஒட்டினால் உதறினால் போதும். முதல்முறை வந்த அன்று தக்காளி கிலோ எண்பது ரூபாய் விற்றதால் யாரும் அதிகம் பேசவில்லை. பூங்குழலிதான் ஆராய்ந்து, ஒன்பது வயதில் அதே குளத்தில் மூழ்கிப்போன தங்கை மஞ்சுவின் பேரை அவற்றுக்கு வைத்து, வெளிநாட்டுப் பத்திரிகையில் அச்சேற்றினாள். தாண்டவராயனோ அதற்கு முன்பே, குளத்துக் கல்லில் பாசிபோல் ஒட்டியிருந்த ஊசிமுனைக் காம்பு உயிர் ஒன்றுக்கு எங்கள் ஊரான செஞ்சியின் பேரை வைத்து அச்சேற்றிவிட்டிருந்தார். அந்தக் காம்புதான் ஜெல்லிமீனின் பிள்ளைப்பருவம், மொட்டுவிட்டு மிதக்கப்போகிறது என்பது அவர் கட்சி. கண்ணால் பார்த்ததில்லை. பார்க்கவும் வழியில்லை. அவர் கணக்குப்படி மொட்டு கழல்வது அமாவாசையன்று மட்டும். அமாவாசை தவறாமல் அவர் அம்மாவோடு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்ஸில் இருப்பார்.

அடுத்த அமாவாசைக் காலை, பூங்குழலி வீட்டுக் கண்ணாடி ஜாடிக்குள் கல்லோடு வந்திருந்த காம்பு ஒன்று தலையைக் கழற்றிவிட்டது. அது குடைபோல் விரிந்து மேலே வந்தது. அவள் ஒருத்திதான் பார்த்தாள். தெருக்காரர்கள் நாங்களும் பார்த்தோம் என்று வையுங்கள், ஜன்னல் திறந்திருந்தது. ஆனால் எங்கள் சாட்சியை எந்தப் பத்திரிகை கேட்கும்? ஜாடியைக் கவிழ்த்துக் கழுவியிருந்தால் மஞ்சு பேர் பிழைத்திருக்கும். அவள் கழுவவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. அன்றிலிருந்து ஜெல்லிமீன்கள் தெருவை விட்டுவிட்டு அவள் வீட்டுக்குள்ளேயே குவிந்தன. எல்லாம் ஒன்பது வயதுப் பிள்ளையின் தலை உயரத்தில். அவள் அடுப்படிக்குப் போனால் பின்னாலேயே போயின. மூன்றாவது வாரம் உட்கார்ந்து, பார்த்ததைப் பார்த்தபடி எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினாள். செஞ்சி பேர் நின்றது.

தாண்டவராயன் வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தார். “மஞ்சு பேரை அழிச்சிட மாட்டாங்க டீச்சர். செஞ்சி பேருக்குக் கீழ எழுதி வெப்பாங்க. இந்த ஜெல்லிமீன் பேரினத்துல வேற எதுக்கும் இனி அந்தப் பேரை வெக்க முடியாது.”

“தெரியும் சார். நானும் அதைத்தான படிச்சிருக்கேன். உள்ள வாங்க, டீ ஆறுது.”

அந்த டீயை வைத்து நாங்கள் மனசுக்குள் இருவருக்கும் கல்யாணமே முடித்துவிட்டோம். அவரோ தை மாதம் அவலூர்பேட்டையில் ஒரு நர்ஸைக் கட்டிக்கொண்டார். இப்போது அமாவாசைக்கு மூன்று பேராகப் பஸ் ஏறுகிறார்கள். தெருவில், பத்திரிகை என்ன சொன்னாலும், மழை விட்டால் “மஞ்சு வந்துட்டா, துணிய எடு” என்கிறோம்.

பூங்குழலி வேலை மாற்றிக்கொண்டு கடலூர் போனாள். புறப்பட்ட அன்று ஒரு ஜெல்லிமீன் மட்டும் கூடவே வந்து, பஸ்ஸில் ஏறி, ஜன்னலோர சீட்டின் மேல் நின்றது. கண்டக்டர் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஒரு முழு டிக்கெட்டும் ஓர் அரை டிக்கெட்டும் கொடுத்துவிட்டு, விசில் ஊதினார்.