ஹிண்டேயின் வெள்ளிக்கிழமைச் சுடர்கள்

ஹிண்டே மெழுகுவர்த்தி வாங்கியதே இல்லை. வெள்ளிக்கிழமை சூரியன் சாய்ந்து, யூதப் பெண்கள் ஓய்வுநாள் விளக்கேற்றும் நேரத்தில் அவள் எங்கே நின்றாலும், முகத்துக்கு நேரே அந்தரத்தில் இரண்டு சுடர்கள் தாமாக வந்து நிற்கும். நேமன் ஆற்றங்கரையில் இருந்த எங்கள் யூதத் தெருவில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மெழுகு விற்ற விலைக்கு அவள் கொடுத்துவைத்தவள் என்றார்கள், அவ்வளவுதான். ஜெர்மானியர்கள் வந்து தெருவைச் சுற்றி வேலி போட்ட பிறகுதான் பேச்சு மாறியது. வேலிக்குள் ரொட்டிக்குத்தான் பஞ்சம், சந்தேகத்துக்கு இல்லை.

ஹிண்டேக்கு வைக்கோல் நிறத் தலைமுடி, பிசிறில்லாத போலிஷ் பேச்சு. கழுத்தில் சிலுவையும் பையில் கள்ள அடையாளக் காகிதமுமாக வேலிக்கு வெளியே போவாள். அவளுடைய உருளைக்கிழங்குச் சாக்கில், கசகசாக் கஷாயம் குடித்த குழந்தை ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் வெறும் சாக்கோடு திரும்பிவிடுவாள். ஒவ்வொரு தடவையும் சாயங்காலம் அவள் முன்னால் ஒரு சுடர் கூடியிருக்கும். பிள்ளை பிறந்தால் பிள்ளைக்கு ஒன்றாக வெள்ளிக்கிழமை விளக்கைக் கூட்டுவது எங்கள் பெண்களின் வழக்கம்தான். ஆனால் ஹிண்டேக்குக் கல்யாணமே ஆகவில்லை. அப்பன் யாரென்று விளக்கைத்தான் கேட்க வேண்டும் என்று கிண்டலடித்தார் கசாப்புக்காரர் ஸெலிக். பிறகு குரலைத் தாழ்த்தினார். செத்தவர்களுக்கும் நாம் விளக்குதானே ஏற்றுகிறோம், இது எந்த வகை என்று யார் கண்டது? அந்த முடியையும் அந்தப் பேச்சையும் வைத்துக்கொண்டு தப்பிப் போனவள் எதற்குத் திரும்பி வருகிறாள்? பிள்ளைகளைக் காட்டிக்கொடுத்துப் பிழைக்கிறாளோ என்னவோ. அன்றிலிருந்து குழாயடியில் அவளைக் கண்டால் ஆட்கள் விலகி நின்றார்கள்.

எங்கள் தெரு க்னேசியாவின் புருஷனை, வேலி போட்ட முதல் வாரமே ஜெர்மானியர்கள் கொண்டுபோய்விட்டார்கள். அவளுக்கு மிச்சமிருந்தது ஐந்து வயது ஃபெய்கா ஒருத்திதான். சிறுபிள்ளைகளை ஏற்றிப்போக வண்டி வரப்போகிறது என்று செய்தி கசிந்ததும், க்னேசியா ஹிண்டேயின் அறைக்குப் போய் உட்காராமலே கேட்டாள்.

"ஏண்டி திரும்பித் திரும்பி வர்ற?"

"வெள்ளிக்கிழமை இந்தச் சுடருங்கள வச்சுக்கிட்டு அங்க நான் எங்கக்கா ஒளியறது? இங்கதான் இது யாருக்கும் புதுசில்ல."

"என் பொண்ணு உசிரோட இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. ஒரு கன்னியர் மடத்துல விடுவேன். எந்த மடம்னு சொல்ல மாட்டேன். அவனுங்க அடிச்சா நீ சொல்லிடுவ."

க்னேசியா கதவுவரை போய்த் திரும்பினாள். "நம்பிக் கொடுக்கலடி. வேற வழியில்லாமக் கொடுக்கறேன்."

அது போதும் என்றாள் ஹிண்டே.

ஃபெய்கா சாக்கில் போன அந்த வெள்ளிக்கிழமை ஹிண்டே வரத் தாமதமானது. நான் அப்போதே சொன்னேனே என்று சொல்ல ஒரு கூட்டம் க்னேசியாவின் வாசலில் தயாராக இருந்தது. சூரியன் கூரையைத் தொடும் நேரத்தில் ஹிண்டே ஓடிவந்தாள். எல்லோரும் அவள் அறைக்குள் முண்டியடித்துக்கொண்டு நுழைந்தார்கள். மேசைக்கு மேலே சுடர்கள் வந்து நின்றன. புதிதாக வந்தது மட்டும் நிற்கவில்லை. எம்பிக் குதித்தது, பக்கத்துச் சுடரை இடித்தது. காற்றுதான் என்று ஸெலிக் போய் ஜன்னலைச் சாத்தினார். அப்போதும் குதித்தது. "அடங்கி நில்லுடி," என்றாள் க்னேசியா. அது கேட்கவில்லை. "சொன்ன பேச்சு கேக்குதா பாருங்க," என்று சொல்லி வாய்விட்டு அழுதாள். அடுத்த சாக்கில் ஸெலிக்கின் பேரன் போனான்.

குளிர் முடியும் சமயத்தில் தெருவையே ரயிலில் ஏற்றினார்கள். அன்று வெள்ளிக்கிழமை. ஹிண்டே வழக்கம்போல் மதியத்துக்குள் திரும்பியிருந்தாள்.

போர் முடிந்து திரும்பியவர்கள் எங்களில் சிலர்தான். க்னேசியா அவர்களில் ஒருத்தி, ஹிண்டே இல்லை. ஹிண்டேயின் அறையில் வேறு குடும்பம் இருந்தது. அந்த வீட்டுக்காரி சங்கிலியைக் கழற்றாமல் கதவைத் திறந்து, வீடு இப்போது தங்கள் பெயரில் இருப்பதாக முதல் வார்த்தையிலேயே சொன்னாள். வீட்டுக்காக வரவில்லை, வெள்ளிக்கிழமை இங்கே தீ ஏதாவது தெரிகிறதா என்று கேட்டாள் க்னேசியா. வீட்டுக்காரியின் முகம் தெளிந்தது. தெரிகிறது, பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தும் போகவில்லை, இப்போது சூப் சட்டியை அதன்மேல் தொங்கவிட்டுவிடுகிறோம், விறகு மிச்சம் என்றாள். ஒரே ஒரு குறைதான் அவளுக்கு.

"அதுல ஒண்ணு ஒரு இடத்துல நிக்கவே மாட்டேங்குதும்மா. சட்டி ஒரு பக்கம்தான் காயுது."

க்னேசியா அவளுக்கு நன்றி சொன்னாள். பக்கத்தில் இருக்கிற கன்னியர் மடத்துக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று வழி கேட்டுக்கொண்டு புறப்பட்டாள்.