பட்டப்பெயர் இல்லாத எஸ்போசிதோ

ரக்கேலெ தூரிகையைப் பசை வாளியில் முக்கியெடுத்து, முதல் சாவு அறிவிப்பை அத்தை வீட்டுச் சுவரிலேயே ஒட்டினாள். கறுப்புக் கரை போட்ட தாள். நடுவில் கொட்டை எழுத்தில் அம்மாவின் பெயர்: அஸ்ஸுந்தா எஸ்போசிதோ. கீழே, நாளைக் காலை அடக்கம் என்று ஒரு வரி. அவ்வளவுதான். அச்சகக்காரர் தலையில் அடித்துக்கொண்டுதான் அடித்துக் கொடுத்தார்.

"பட்டப்பேரு இல்லாம எஸ்போசிதோன்னு போட்டா யாருன்னு எப்படித் தெரியும்மா? ஊரே குழம்பிடும்."

"குழம்பட்டும்."

இப்போது மேலே சன்னல் திறந்தது. அப்பாவின் அக்கா ஒர்தென்சியா எட்டிப் பார்த்தாள். விடியற்காலையில் தம்பி மனைவி இறந்த செய்தி போயும் அவள் இன்னும் வீட்டுப் பக்கம் வரவில்லை.

"என்னடி இது? எங்க குடும்பப் பேரு மொந்தால்தி எங்க இருக்கு? அவ என் தம்பி பொண்டாட்டி."

"நாப்பது வருஷத்துல இன்னிக்குத்தான் அது ஞாபகம் வந்துச்சா அத்தை?"

"வாயை அடக்கு. எங்க கல்லறை மண்டபத்துல அந்தப் பேரோட ஒரு கல்லும் ஏறாது. சாவி எங்கிட்ட இருக்கு. அஸ்ஸுந்தா மொந்தால்தின்னு மாத்தி அடிச்சா உங்கப்பன் பக்கத்துல இடம் உண்டு. இல்லேன்னா மண்ணுதான்."

"மண்ணு யார் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்ல."

ரக்கேலெ தாளை உள்ளங்கையால் அழுத்தி நீவினாள். அந்த மண்டபத்தில் கிடக்கும் அப்பாவிடமிருந்து அம்மாவைப் பிரிக்கிறோமே என்று அடுத்த தாளை எடுக்கத் தயங்கினாள். ஆனால் நேற்று மாலை அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்னும் தோலில் இருந்தது. "கல்லுல என் பேரைப் போடு. அதை நான் யார் வீட்டுலயும் திருடிக்கிட்டு வரல."

அந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு எஸ்போசிதோ மேல்தான் விழ வேண்டும். ஒருவருக்கொருவர் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது; பட்டப்பெயரை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்பார்கள். முன்பொரு காலத்தில் நேப்பிள்ஸில், அனாதைப் பிள்ளைகளை எடுத்து வளர்த்த இடத்தின் சுவரில் ஒரு மரச் சக்கரம் இருந்தது. வளர்க்க வழியில்லாதவள் தெருவிலிருந்தபடியே பிள்ளையை அதில் கிடத்திச் சுழற்றிவிடுவாள். உள்ளே இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அப்பன் பெயர் தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே பெயர்: எஸ்போசிதோ, வெளியே விடப்பட்டவர். செத்தது போக மிஞ்சியவை சும்மா இருக்கவில்லை. வளர்ந்தன, கட்டிக்கொண்டன, பெற்றுத் தள்ளின, கப்பலேறி அர்ஜென்டினா வரைக்கும் போயின. மொந்தால்திகளோ பழைய வம்சாவளியைச் சட்டம் போட்டு மாட்டிவைத்து, அதன் கீழே தேய்ந்துகொண்டு வந்தார்கள்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் அத்தை அந்தச் சட்டத்தைக் காட்டி, "அஸ்ஸுந்தா, உங்க தாத்தனுக்குத் தாத்தன் யாரு? சக்கரமா?" என்று கேட்பாள். மேசை சிரிக்கும். அம்மாவும் சிரித்துவிட்டு எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்து போவாள். அப்பா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருப்பார். அவரை ரக்கேலெ இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை.

மதியம் வீட்டுக் கதவு தடதடத்தது. மீன் செதில் ஒட்டிய மேலங்கியோடு ஒரு தடித்த பெண் மூச்சு வாங்க நின்றாள்.

"அஸ்ஸுந்தா எஸ்போசிதோ நான்தான். நான் எப்படி செத்தேன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். என் மருமக சுவத்துல ஒட்டினதைப் பார்த்துட்டு மார்க்கெட்டுலயே மயங்கி விழுந்துட்டா. என் புருஷன் மட்டும் நல்லா சாப்பிட்டுட்டு இருக்கான்!"

ரக்கேலெயை மீறிச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு, காலையிலிருந்து வராத அழுகையும் வந்தது. மீன்காரி உள்ளே சவப்பெட்டியை எட்டிப் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். போகவில்லை.

அவளுக்குப் பின்னால் இன்னொரு அஸ்ஸுந்தாவின் மகன்கள் வந்தார்கள். அப்புறம் மூன்றாவது அஸ்ஸுந்தா, தன் தங்கை செத்துவிட்டாள் என்று அலறிக்கொண்டு வந்த அண்ணனின் கையைப் பிடித்தபடி. செத்தது தங்கள் ஆளில்லை என்று தெரிந்தும் எல்லோரும் பெட்டியருகே மண்டியிட்டார்கள். சாயங்காலத்துக்குள் அடுப்பங்கரையில் காப்பிப் பொட்டலங்களும், துணி மூடிய பாஸ்தா பாத்திரங்களும் சேர்ந்துவிட்டன. துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாதே.

மறுநாள் காலை பூசை முடிந்தது. பெட்டியைத் தூக்க வேண்டிய மொந்தால்தி வழி ஒன்றுவிட்ட அண்ணன்மார் ஒருவரையும் காணோம். அத்தை சொல்லி நிறுத்தியிருந்தாள். பாதிரியார் கடிகாரத்தைப் பார்த்தார்.

"டேய், என்னடா நிக்கறீங்க? தோள் இல்லையா உங்களுக்கு?" என்று மீன்காரி இன்னொரு அஸ்ஸுந்தாவின் மகன்களை அதட்டினாள்.

"உங்களுக்கு எதுக்கு சிரமம்?" என்றாள் ரக்கேலெ. "நீங்க எங்களுக்கு என்ன முறைன்னுகூடத் தெரியல."

"யாருக்குத் தெரியும்? நாமெல்லாம் ஒரே சக்கரத்துல வந்தவங்கதானே. அக்கா தங்கச்சின்னே வெச்சுக்கோயேன்."

ஊர்வலம் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தபோது மொந்தால்தி மண்டபத்தின் இரும்புக் கதவு திறந்து கிடந்தது. வாசலில் கறுப்பு முக்காட்டோடும் மெல்லிய குதிகால் செருப்போடும் அத்தை. பின்னால் வந்த கூட்டத்தைப் பார்த்து அவள் முகம் வெளுத்தது. ஊர் முழுக்கப் பார்க்கிறதே. தூக்கியவர்கள் தாமாகவே நின்றுவிட்டார்கள்.

"உள்ள கொண்டாங்க," என்றாள் அத்தை. அப்புறம் தணிந்த குரலில், "பேரை அப்புறம் பேசிக்கலாம் ரக்கேலெ. உங்கப்பன் உள்ள தனியா கிடக்கான்."

ரக்கேலெ திறந்த கதவைப் பார்த்தாள். இருட்டுக்குள் அப்பாவின் கல் தெரிந்தது. அதன் பக்கத்தில் ஒரு வெற்றுக் கல்.

"இப்பவே சொல்லுங்க அத்தை. அந்தக் கல்லுல என்ன பேரு போடுவீங்க?"

அத்தை முக்காட்டை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ரக்கேலெ முன்னால் நின்ற பையனை விலக்கிவிட்டு, பெட்டிக்குக் கீழே தன் தோளைக் கொடுத்தாள். பாரம் எலும்பில் இறங்கியது. "நடங்க," என்றாள்.

மண்டபத்தைத் தாண்டி, மரச் சிலுவைகள் நிற்கும் மண் பக்கம் திரும்பினார்கள். சரளையில் அத்தனை கால்களும் நடந்தன. எல்லாவற்றுக்கும் கடைசியில், கொஞ்சம் தள்ளி, மெல்லிய குதிகால் செருப்பு ஒன்று தடுமாறித் தடுமாறி வரும் சத்தம் கேட்டது.

ரக்கேலெ திரும்பிப் பார்க்கவில்லை.