அது ஸ்வெட்டரே அல்ல

1.
இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. [‘கருக்கொண்டது’ என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். திருட்டுக்கு அவ்வளவு அழகான சொல் எதற்கு?]

என் அக்கா சமூகப் பணியாளர். பெற்றோரிடமிருந்து பிரித்துக் காப்பகத்தில் வைத்த பிள்ளைகளை மறுபடி வீட்டில் சேர்க்க முடியுமா என்று பார்ப்பதும், முடியுமென்றால் விசாரணைக் குழுவின் முன் அவர்களுக்காகப் பேசுவதும் அவள் வேலை. ஒருநாள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மேலதிகாரியோடு போனில் பேசினாள். டீ கொடுக்கும் சாக்கில் நான் கதவோரம் நின்றேன். டீ ஆறிப்போனது, எனக்குக் கதை கிடைத்தது. காப்பகத்தில் ஒரு சிறுமி, அம்மா கடைசியாக மாட்டிவிட்ட சிவப்பு ஸ்வெட்டரைத் தூங்கும்போதும் கழற்றுவதில்லை.

எழுதினேன். நூலகக் கூட்டத்தில் வாசித்தேன். கைதட்டினார்கள். தட்டாமல் எழுந்து போனவர் அந்தத் தாயின் பக்கத்து வீட்டுக்காரர். பிள்ளை சித்தி வீட்டில் இருப்பதாகத்தான் அந்தத் தாய் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

2.
திருத்திய தொடக்கம்: “அந்தத் தகப்பன் காப்பகத்து வாசலில்...” [தாயைத் தகப்பனாக்கினேன். ஸ்வெட்டருக்குள் இருந்தது அதே பிள்ளை.]

இன்னொன்று: “நீலக் குடையைக் கையைவிட்டு இறக்காத ஒரு பையன்...” [குடைக்கடியில் சிவப்பு தெரிந்தது. விட்டுவிட்டேன்.]

நீங்கள் பதற வேண்டாம். அது ஸ்வெட்டரே அல்ல. என்னவென்று இனி யாருக்கும் சொல்வதாயில்லை.

3.
அக்கா என்ற பாத்திரத்தில் எனக்கொரு சிக்கல்: நேராகப் பதில் சொல்லாது. தொழில் பழக்கம். வந்தவர்கள் தங்கள் வழியைத் தாங்களே கண்டுபிடிக்கும்படி கேள்விதான் கேட்க வேண்டுமாம். “மழை வருமாக்கா?” என்றால்கூட “உனக்கு என்ன தோணுது?” என்பாள்.

“நான் கதையா வாசிச்சதை மேலதிகாரிகிட்ட சொல்லப்போறியா?”

“சொல்லாம இருந்தா யாருக்குடா நல்லது?”

“எல்லாருக்கும்தான். நீ சொன்னா உன்னைத் தூக்கிட்டு வேற ஆளைப் போடுவாங்க. விசாரணையில அந்தம்மா முன்னப்பின்ன தெரியாத ஒருத்தரோட நிக்கணும்.”

“தன் வீட்டு விஷயம் எந்த வழியா வெளிய போச்சுன்னே தெரியாம, என் பக்கத்துல நிக்கட்டுமா?”

“ஒட்டுக்கேட்டது நான்க்கா!”

“கேக்கற மாதிரி வீட்டுல பேசினது யாரு?”

[எழுத்தாளருக்கு இங்கே கைதட்டல் ஏதுமில்லை.]

4.
அக்கா முதலில் போனது அந்தத் தாயின் வீட்டுக்கு, பிறகு அலுவலகத்துக்கு. என்னை வரவேண்டாம் என்றாள். ஆகவே அங்கே நடந்ததை நானே எழுதிப் பார்த்தேன்: தாய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு “பரவாயில்லம்மா” என்று அழுதாள். அந்த வரியை அடித்துவிட்டேன். எனக்கு மன்னிப்பு வாங்கித் தருவதற்காகவே அந்தப் பெண்ணை அழவைத்திருந்தேன்.

அக்கா திரும்பி வந்து, பையைத் தோளிலிருந்து இறக்காமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“வேற ஆள் பாத்துப்பாங்க” என்றாள். அவ்வளவுதான்.

டீ போட்டேன். இந்தமுறை சூடாகவே கொடுத்தேன்.

5.
விசாரணை முடிந்துவிட்டது. அது மட்டும் தெரியும்.

முடிவு ஒன்று: சிறுமி சொந்த வீட்டு வாசலில் ஸ்வெட்டரைக் கழற்றி—

முடிவு இரண்டு: காப்பகத்துக் கொடியில், அளவு சின்னதாகிப்போன ஸ்வெட்டர்—

[இரண்டையும் முடிக்கக் கை வரவில்லை.]

அக்காவின் அறைக்கதவைத் தட்டினேன். தட்டப் பழகிவிட்டேன்.

“அக்கா, புள்ள வீட்டுக்கு வந்துட்டாளா?”

உனக்கு என்ன தோணுது என்பாள் என்று நின்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“எனக்குத் தெரியும்டா. உன்கிட்ட சொல்ல மாட்டேன்.”