பத்து நிமிட மசோதா

ஒரு செவ்வாய்க்கிழமை காலை முதல் ஆளுநர் மாளிகையில் யாராலும் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாமல் போனது. பதினோராவது நிமிடம் எங்கிருந்தோ ஒரு நாற்காலி நகர்ந்து வந்து பின்முழங்காலில் முட்டும். ஆள் தொப்பென்று உட்காருவார். வாசல் காவலருக்குத் தோட்டத்து இரும்பு நாற்காலி வந்தது. சமையல்காரருக்கு நூலகத்திலிருந்து மெத்தை நாற்காலியே படியிறங்கி வந்தது. தேக்கு நாற்காலிகள் மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தன.

காரணம், அன்று காலை ஒப்புதலுக்கு வந்திருந்த ஒரு மசோதா. அதை எழுதியவர் சட்டத்துறைப் பிரிவு அலுவலர். ஒரே ஓர் அரைப்புள்ளிக்காக மூன்று துறைச் செயலாளர்களோடு மல்லுக்கு நின்றதால் அவருக்கு அரைப்புள்ளி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் மனைவி ஒரு துணிக்கடையில் பன்னிரண்டு வருடமாக விற்பனையாளர். அங்கே ஊழியர்களுக்கு நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் சோம்பல் வந்துவிடும் என்பது முதலாளியின் கட்சி. வேலை முடிந்து வரும்போது அவள் கால் நரம்புகள் நீலமாகப் புடைத்திருக்கும், செருப்பைக் கழற்றவே இரண்டு கை வேண்டும். வேலை செய்கிற இடத்தில் எவரையும் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க வைக்கக் கூடாது என்று ஒரு மசோதா எழுதுங்கள் எனத் தொழிலாளர் அமைச்சர் சொன்னபோது, அரைப்புள்ளி முதல் முறையாக ஆசைப்பட்டு எழுதினார். ஆசைப்பட்டதில்தான் பிசகு. எல்லாச் சட்டத்திலும் முதல் பிரிவில், இது மாநிலம் முழுவதும் செல்லும், அரசு அறிவிக்கும் நாளில் நடைமுறைக்கு வரும் என்று எழுதுவது வழக்கம். அவர் முதலாவதை அடியோடு விட்டுவிட்டார். இரண்டாவதற்குப் பதிலாக, உடனே நடைமுறைக்கு வரும் என்று போட்டுவிட்டார். அமைச்சரவை பார்த்தது, சட்டமன்றம் நான்கே நிமிடத்தில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றியது, ஒருவர் கண்ணிலும் படவில்லை. எங்கே செல்ல வேண்டும் என்று தெரியாத மசோதா, தன் காகிதம் கிடந்த இடத்தில் செல்லத் தொடங்கியது.

ஆளுநருக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. கையெழுத்துப் போடலாம், நாட்டின் தலைநகருக்கு அனுப்பலாம், சட்டமன்றத்துக்கே திருப்பி அனுப்பலாம். அவருக்குப் பிடித்தது எங்கும் எழுதப்படாத நான்காவது வழி, ஆறப்போடுவது. பார்க்க வந்தவர்களை நிற்க வைத்தே பேசி அனுப்புவது அவர் வழக்கம். இப்போதோ மனு கொடுக்க வந்த குழாய் ரிப்பேர்காரர்கூட அவருக்குச் சமமாகக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். அணிவகுப்பு மரியாதை பாதியில் அமர்ந்துகொண்டது. எட்டு மாதம் பல்லைக் கடித்துப் பார்த்துவிட்டு, தலைநகருக்குப் போன் போட்டார். ஏற்கெனவே இருக்கிற நாற்காலிச் சண்டையே போதும் என்று அங்கே மறுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டாலோ மாநிலத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் வாசலில் வந்து உட்காருவார்கள். எனவே மறுபரிசீலனை செய்யவும் என்று ஒரு வரி எழுதி, சட்டமன்றத்தின் தலையில் கட்டினார்.

சட்டமன்றம் அதை மீண்டும் நிறைவேற்றினால் ஆளுநர் ஒப்புதல் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் மசோதா அவைக்குள் வந்த நாளிலிருந்து அங்கே நடந்தது வேறு. எதிர்க்கட்சியினர் சபாநாயகரைச் சூழ்ந்து நின்று கத்தினால் பத்து நிமிடத்தில் வரிசையாக அமர்ந்துவிட்டார்கள். உட்கார்ந்துகொண்டே கோபப்படுவது எவ்வளவு சிரமம் என்று அப்போதுதான் தெரிந்தது. நான்கு மணி நேர நிதிநிலை உரையை நிதியமைச்சர் சாய்ந்தபடி வாசித்து முடித்தார். முதலமைச்சருக்கு இப்படி ஒரு நிம்மதி எந்தத் தேர்தலும் கொடுத்ததில்லை. மசோதாவை வெளியே விட யாருக்கு மனசு வரும்? ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதி மூன்று வருடம் ஓட்டினார்கள்.

அந்த மூன்று வருடமும் அரைப்புள்ளியின் மனைவி நின்றுகொண்டுதான் இருந்தாள். இன்னும் ஒரு வருடம் இப்படி நின்றால் காலில் அறுவை சிகிச்சைதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

"ஏங்க, நீங்க எழுதின சட்டம் உக்காந்தே இருக்கிறவங்களுக்கெல்லாம் நாற்காலி போடுது. எனக்கு எப்போ?"

"ஃபைல் நகரணும்மா."

"நாற்காலியே நகருது. ஃபைல் நகராதா?"

அவருக்கு வெட்கமாக இருந்தது. மறு வாரம், வாசகங்களைச் சரிபார்க்க என்று சட்டமன்றச் செயலகம் மூல மசோதாவை ஒரே ஒரு நாள் அவர் மேசைக்கு அனுப்பியது. அரைப்புள்ளி சான்றிட்ட நகல் ஒன்று எடுத்து ஃபைலில் கட்டித் திருப்பி அனுப்பினார். நகலுக்கு எந்த வீரியமும் கிடையாது. மூலத்தைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு, வேலை போனால் போகட்டும் என்று துணிக்கடைக்கு நடந்தார். மனைவி அதை வாங்கித் துண்டுத் துணிகளுக்கு அடியில் செருகினாள்.

பத்து நிமிடம் கழித்து, எதிர்க்கடையில் விற்பனைக்கு வைத்திருந்த நாற்காலிகள் சிக்னல் விழும்வரை காத்திருந்து தெருவைக் கடந்தன. பதினான்கு பெண்கள் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். கடை முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது. திட்ட ஓடிவந்த முதலாளி, திட்டி முடிப்பதற்குள் தானும் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த வாடிக்கையாளர்கள் எழுந்து போக மனமில்லாமல் இரண்டு பங்கு துணி வாங்கியதால், அவர் அதற்கப்புறம் மூச்சு விடவில்லை.

சட்டமன்றத்தில் மறுபடி கூச்சல் கிளம்பியது, ஒலிபெருக்கிகள் பறந்தன. மசோதா எங்கே என்று கேட்க முதலமைச்சருக்கு வாய் வரை வந்தது. கேட்டால் மூன்று வருடம் கைக்குள் வைத்திருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபைலைத் திறந்தால் மசோதா இருக்கிறது, முத்திரையும் இருக்கிறது. பரிசீலனையில் உள்ளது என்றே இன்றுவரை பதில் சொல்கிறார்கள்.

இதற்கிடையே பக்கத்து மருந்துக்கடைப் பெண்கள் மசோதாவை ஒரு நாள் இரவல் கேட்டார்கள். பிறகு நகைக்கடை, வாகனம் நிறுத்துமிடம், அடுத்த தெரு. இப்போது அதற்கு ஒரு முறைப்பட்டியல் இருக்கிறது. எழுதியது அரைப்புள்ளிதான், ஒரு வாசகம்கூட விடவில்லை. சட்டம் மாநிலம் முழுக்கச் செல்கிறது, ஓர் இடத்தில் ஒரு நாள். மருத்துவர் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டிருக்கிறார். மசோதா முதலில் வந்த இடம் என்பதால் துணிக்கடைக்கு மட்டும் வாராவாரம் வியாழக்கிழமை முறை. அன்றைக்கு மட்டும் அவள் வீட்டுக்குள் வந்ததும் கைப்பையை வைத்துவிட்டு, "வாங்க, ஒரு சுத்து நடந்துட்டு வரலாம்" என்கிறாள்.