நிழலுக்குப் போன தளம்

பல் டாக்டர் வீட்டில் கார் நிறுத்தப் போட்ட கான்கிரீட் தளம், போட்ட இருபத்தொன்பதாம் நாள் காலை பதினொன்றே காலுக்கு இடத்தைவிட்டு எழுந்து, தெருவைக் கடந்து, எதிரே தையல்கார அம்மாவின் கடை முன்னால் நிற்கும் வாதாம் மரத்து நிழலில் போய்ப் படுத்துக்கொண்டது. பதினெட்டடி நீளம், பத்தடி அகலம், அரையடி கனம்; எப்படிப் பார்த்தாலும் ஆறு டன் இருக்கும். மேலே டாக்டரின் வெள்ளைக் கார் நின்றிருந்தது, அதையும் சேர்த்தே கொண்டுபோனது. எதிரே வந்த தண்ணீர் லாரியும் இரண்டு ஸ்கூட்டர்களும் அது கடக்கும்வரை நின்று வழிவிட்டன. லாரிக்காரர் மட்டும் பழக்கதோஷத்தில் ஒருமுறை ஹாரன் அடித்தார். பீரோவை நகர்த்தும்போது வருமே, அந்த அளவு சத்தம்தான் கேட்டதாம். மாலை நாலரைக்கு வெயில் தாழ்ந்ததும் வந்த வழியே திரும்பி, தன் பள்ளத்தில் விரற்கடை பிசகாமல் உட்கார்ந்துகொண்டது. மறுநாளும் அப்படியே. இருபத்தெட்டு நாள் ஆனால்தான் கான்கிரீட் முழு பலத்துக்கு வரும் என்பது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆக, நடக்கத் தெம்பு வந்ததும் அது நடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தளத்தைப் போட்டவள் சாக்கு அக்கா. கார் தளம், மொட்டை மாடி, மாடிப்படி, விரிசல் ஒட்டு என்று வீட்டில் கான்கிரீட் வேலை எதுவானாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கலவை மிஷின் ஓட்டுவது அவள் புருஷன். கலவை எந்தப் பதத்தில் இருக்கவேண்டும் என்று சொல்வது அவள். வெயிலில் கைப்பிடிச்சுவரைத் தொட்டால் கை வெந்துபோகும் ஊர் அது. மற்றவர்கள் பத்து மணிக்குக் கலவை கொட்டி, சாயங்காலத்துக்குள் தளம் மயிரிழை மயிரிழையாக வெடிப்பதைப் பார்த்துவிட்டுச் சிமென்டைத் திட்டுவார்கள். அக்கா விடியும்போதே கலவையை இறக்கி, ஏழு மணிக்குள் மட்டம் தட்டி, விரல் வைத்தால் அச்சு விழாத பதம் வந்ததும் நனைத்த சாக்குகளை இழுத்துப் போர்த்திவிடுவாள். ஏழு நாள், நாளைக்கு மூன்று வேளை தண்ணீர். அவளிடம் நூற்றிருபது சாக்கு இருந்தாலும் ஒரு சாக்குகூடச் சொல்லமாட்டாள் என்று ஊரில் வேடிக்கையாகப் பேசிக்கொள்வார்கள். சொன்ன நாளில் போவாள், சொன்ன நாளில் முடிப்பாள். பதினெட்டு வருஷத்தில் அவள் போட்ட தளம் எதையும் யாரும் உடைத்து மாற்றியதில்லை. அந்தப் பெருமையை அவள் வெளியே காட்டிக்கொள்வதில்லை, ஆனால் கழுத்து நகையைவிடப் பத்திரமாக வைத்திருந்தாள்.

டாக்டர் போன் செய்து, "அக்கா, நீங்க போட்ட தளம் எதிர்க்கடை வாசல்ல இருக்கு" என்றார்.

"முழுசாவா டாக்டர்?" என்று அக்கா கேட்டாள். விரிசல் விடாமல் போயிருக்கிறதா என்பதுதான் அவளுக்கு முதல் கவலை.

முழுசாகத்தான் இருந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்தாள், மட்டமும் பிசகவில்லை. நாலு மூலையிலும் துளை போட்டு, துளைக்கொரு முழக் கம்பி இறக்கி, பசை ஊற்றி இறுக்கினார்கள். தளம் மறுநாள் நாலையும் கடைவாய்ப் பல் மாதிரி பிடுங்கிப் போட்டுவிட்டு நடந்தது. பச்சை வலை கட்டி நிழல் கொடுத்துப் பார்த்தார்கள். அரைமணி நேரம் படுத்துப் பார்த்தது, அந்த நிழல் அதற்குப் பிடிக்கவில்லை, போய்விட்டது. இதற்கிடையில் டாக்டரின் மருத்துவ அறை வீட்டு முன்பக்கத்தில் இருந்ததால், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களெல்லாம் அரையடிப் பள்ளத்தில் தடுக்கி விழுந்தார்கள். ஒரு பெரியவருக்கு வலித்த பல் விழுந்த வேகத்தில் தானாகவே கழன்றுவிட்டது. அவர் டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனாலும் டாக்டருக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது.

என்ன கோளாறு என்று அவர் கேட்டபோது, "இந்தத் தடவை வந்த சிமென்ட் சரியில்ல டாக்டர்" என்று அக்கா சொல்லிவிட்டாள். சொன்ன வாய் மூடும்முன் அவளுக்கே உறைத்தது. சாக்கு அக்கா சாக்கு சொல்கிறாள் என்று மாலைக்குள் தெரு முழுக்கச் சிரிப்பு. டாக்டர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை வந்து உடைத்து அள்ளிவிட்டு வேறு தளம் போட்டுத் தரவேண்டும் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். அந்த நாலு நாளும் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. பேர் போகிறதே என்ற வருத்தம் பாதி. மீதிப் பாதி என்னவென்று புருஷனிடம்கூட அவள் வாய்விடவில்லை.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குப் புருஷன் உடைக்கும் மிஷினை இறக்கினார். கார் வெளியே எடுக்கப்பட்டது. அக்கா தளத்தின் நடுவில் நின்று, எங்கே தொடங்குவது என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு கிழிக்கப் போனாள், கிழிக்கவில்லை. வெறும் சுத்தியலால் ஓரத்தைத் தட்டிப் பார்த்தாள். வெண்கலம் போலக் கணீரென்றது. இத்தனை நல்ல தளத்தை அவளே அதுவரை போட்டதில்லை. பதினொன்றே கால் ஆனது. தளம் போகவில்லை. பதினொன்றரை ஆனது, அப்போதும் அசையவில்லை. அக்கா மேலே நின்றதால் மரியாதைக்கு இருந்ததா, மிஷினைப் பார்த்துப் பயந்து இருந்ததா என்று தெருவில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. அக்கா குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், பொசுக்கியது. அத்தனை சூட்டையும் தாங்கிக்கொண்டு அது அவளுக்காகக் காத்திருந்ததைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"மிஷினை நிறுத்துங்க" என்றாள் புருஷனிடம். இன்னும் ஓடவே தொடங்காத மிஷினை அவர் அவசரமாக நிறுத்தினார். "டாக்டர், சிமென்ட் மேல தப்பில்ல. நான் பொய் சொன்னேன். தளம் போட்ட அன்னைக்கு என் தங்கச்சி வீட்டு மாடிக்குச் சாக்கெல்லாம் போயிடுச்சு. இதுக்குப் போர்த்த ஒண்ணுகூட இல்ல. மனசு கேக்காம இதுகிட்டச் சொன்னேன், 'இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோப்பா, இனிமே வெயில் அடிச்சா நீயே நிழலைப் பாத்துக்கோ'ன்னு. சொல்லிட்டு மறுநாள்தான் சாக்கோட வந்தேன். அது நான் சொன்னபடி நடக்குது. உடைக்கணும்னா என் பேரை உடைங்க, இதை விட்டுடுங்க."

ஈரத்தில் எது பட்டாலும் கான்கிரீட் பிடித்துக்கொள்ளும் என்பது டாக்டருக்கும் தெரியும். வீட்டுப் பின்வாசலில் பூனைக் கால் தடம் பத்து வருஷமாக அப்படியே இருக்கிறது. பூனை அழுத்தியது பதியுமென்றால் அக்கா சொன்னது பதியாதா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, தையல்கார அம்மா எதிரிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஆடுற பல்லையே பிடுங்காமக் காப்பாத்துறீங்க, நல்லா நடக்கிற தளத்தை ஏன் டாக்டர் உடைக்கணும்? என் கடைக்கு வர்றவங்களுக்கு உக்கார இடம்னா இப்ப அது ஒண்ணுதான்!"

டாக்டர் கன்னத்தைச் சொறிந்தார். பிறகு தளத்தைப் பார்த்து, "சரி, போ" என்றார். அது அக்காவையும் சுமந்துகொண்டு, வழக்கத்தைவிடச் சற்று வேகமாகவே தெருவைக் கடந்தது.

மீதி வேலையை அக்கா ஒரே வாரத்தில் முடித்துக்கொடுத்தாள். பள்ளத்தை இன்னும் இரண்டங்குலம் தோண்டி, அடியில் மெல்லிய தளம் ஒன்று போட்டு, தடுக்காமல் இறங்கி ஏற ஓரத்தில் சரிவும் வைத்தாள். ஈரம் இறுகும்வரை வாயைத் துணியால் கட்டிக்கொண்டாள். புருஷனையும் கட்டிக்கொள்ளச் சொன்னாள். அந்த ஏழு நாளும் பெரிய தளம் மரத்தடியிலேயே தங்கிக்கொண்டது. அதன்பின் பெஞ்சு இரண்டைத் தளத்தின் மேலேயே, காருக்குப் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். பதினொரு மணிக்குச் சீட்டு வாங்கியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே நிழலுக்குப் போனார்கள், முறை வந்ததும் தெருவைக் கடந்து பல்லைக் காட்டினார்கள். காத்திருந்த நேரத்தில் பாதிப்பேர் சட்டைக்கு அளவு கொடுத்தார்கள். அந்த மாதிரித் தளம் எங்களுக்கும் வேண்டும் என்று ஒன்பது வீட்டுக்காரர்கள் அக்காவிடம் வந்து நின்றார்கள். எல்லாத் தளமும் ஒரே மரத்தடிக்குப் போனால் ரகளையாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அடுத்த வருஷம் வெயில் முன்கூட்டியே வந்தது, வாதாம் மரம் மொத்த இலையையும் ஒரே வாரத்தில் கொட்டிவிட்டது. அன்று பதினொன்றே காலுக்குத் தளம் மரத்தடிவரை போய், ஒரு நிமிஷம் நின்று, அப்படியே தெருவோடு நேராகப் போனது. இரண்டாவது முனையில் இடப்பக்கம் திரும்பி, சாக்கு அக்கா வீட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தது. அக்கா கைவேலையைப் போட்டுவிட்டு வந்து, நாலு வாளித் தண்ணீரை அதன்மேல் நிதானமாக ஊற்றினாள். புருஷன் கலவை மிஷினைத் தள்ளி இடம் விட்டார். அப்போது போன் அடித்தது.

"அக்கா, அங்க வந்துடுச்சா?" என்றார் டாக்டர்.

"இப்பத்தான் வந்துது. காரும் பத்திரமா இருக்கு."

"நல்லது. நாலரைக்கு மறக்காம அனுப்பி வைங்க."