கிளறும் கம்பி

முப்பத்தொரு வருடம் எங்கள் வீட்டு விறகுக் கணப்பின் சாம்பலை அள்ளியவள் நான். போன வசந்தத்தில்தான் என் கணவர் டெல்பர்ட்டை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்து, அந்த இடத்தில் கேஸ் கணப்பு வைத்தோம். சுட்ட மண்ணில் செய்த ஆறு பொய்க் கட்டைகள், அடியில் நெருப்பு. குமிழைத் திருகினாலும் எரியும், ரிமோட்டை அமுக்கினாலும் எரியும். சாம்பல் கிடையாது. கென்டக்கி மலையில் இதைவிடப் பெரிய சொர்க்கம் எனக்கு வேண்டாம்.

நவம்பரில் அது மக்கர் செய்ய ஆரம்பித்தது. அரை மணி எரியும், கட்டைமேல் கரி படியும், எப்போதும் நின்றெரிய வேண்டிய சிறு சுடர் பொட்டென்று அணையும், அதோடு எல்லாமே அணையும்.

"தேங்க்ஸ்கிவிங் விருந்துக்குள்ள சரியாகலேன்னா மறுபடி விறகுதான், லொரீன்" என்றார் டெல்பர்ட். முகத்தில் வருத்தம் கொஞ்சமும் இல்லை.

ரிப்பேர் ஆளைக் கூப்பிடலாம் என்றேன். எங்கள் ஊரில் அதற்குமுன் பக்கத்து வீட்டு ஆண்பிள்ளையைக் கூப்பிட்டாக வேண்டும். ஹாய்ட் வந்தார். கொல்லையில் இருந்த கேஸ் தொட்டியை இரண்டு தட்டு தட்டினார்.

"தொட்டி காலி."

"முள்ளு முக்கால்ல நிக்குதே" என்றேன்.

"முள்ளு பொய் சொல்லும்."

பிறகு ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டார். பிறகு இருவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அணைந்த கணப்பை ஒரு மணி நேரம் பார்த்தார்கள். என் ஆப்பிள் பை தீர்ந்ததுதான் மிச்சம்.

மறுநாள் நானே ரிப்பேர் கடைக்குப் போன் செய்தேன். ட்வைலா என்ற பெண் வந்தாள். வேடிக்கை பார்க்க ஹாய்டும் வந்துவிட்டார். அவள் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தாள்.

"ஐயா, ஒவ்வொரு கட்டைக்கும் அடியில நம்பர் இருக்கு. வெச்ச இடத்துலயே இருக்கணும். மூணாம் நம்பர் தீமேல சரிஞ்சிருக்கு, அதான் கரி. ரெண்டாம் நம்பர் சின்னச் சுடர்மேலயே படுத்திருக்கு, அதான் அணையுது. யாரு நகத்துனது?"

"யாரும் தொடல" என்றார் டெல்பர்ட்.

"அப்ப இந்தக் குத்துத் தழும்பெல்லாம்?"

டெல்பர்ட்டின் நாற்காலியோரம், விறகுக் கணப்பின் பழைய கிளறும் கம்பி சாய்ந்திருந்தது. அதன் முனையில் மண்தூள் அப்பியிருந்தது.

"நெருப்புன்னா கொஞ்சம் கிளறி விடத்தானே வேணும்" என்றார் மெதுவாக.

"இது மண்ணு, ஐயா. கிளறுனா என்ன ஆகும்?"

"நல்லாப் பிடிக்கும்" என்றார் ஹாய்ட். அவரும் கிளறியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ட்வைலா கரியைத் துடைத்தாள், கட்டைகளை அதனதன் இடத்தில் வைத்தாள், பற்றவைத்துவிட்டுப் போனாள். ஹாய்டும் நழுவினார். ஒரு மணி ஆகியும் நெருப்பு அணையவில்லை. டெல்பர்ட் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு நெருப்பையே முறைத்தார்.

"தானா எரியறதுக்கு நான் எதுக்கு, லொரீன்? விறகையே கொண்டாந்துடலாம்."

எனக்குக் கோபமாக வந்தது, பாவமாகவும் இருந்தது. பின்கட்டிலிருந்த சாம்பல் வாளியை எடுத்துவந்து அவர் காலடியில் வைத்தேன்.

"கொண்டாங்க. கிளறறதும் நீங்க, அள்ளறதும் நீங்க."

முப்பத்தொரு வருடம் நெருப்பைக் கட்டிக் காத்தவர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைக் கேட்டார்.

"சாம்பல எங்க கொட்டுவ?"

கம்பியைப் பிடுங்கி வாளியில் போட்டு, வழக்கமாகக் கொட்டும் இடத்துக்கே கொண்டுபோனேன்.