தாழ்ந்த இமைகள்

என் வீட்டுக்காரர் என்னை வரைந்த படத்தைக் கண்காட்சியில் மாட்டியிருக்கிறாராம். பார்த்துவிட்டு, திரும்பி வருவேனா மாட்டேனா என்று சொன்னால் போதுமாம். நாத்தனார்தான் தூது வந்தாள். அவரைப் பிரிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒற்றை அறையில், சண்டை போடக்கூட ஆளில்லாமல் எனக்கு அலுத்துப் போயிருந்தது. உண்மையைச் சொன்னால், வருகிறேன் என்று சொல்லத்தான் கிளம்பினேன்.

அவர் பள்ளிக்கூடத்து ஓவிய ஆசிரியர். கண்காட்சியும் அந்தப் பள்ளிக்கூட ஹாலில்தான். நடுச்சுவரில், வெறும் பென்சிலில் நான்.

"அண்ணன் எவ்வளவு பாசமா வரைஞ்சிருக்கான் பாருங்க அண்ணி! முடியை ஒவ்வொண்ணாப் போட்டிருக்கான்."

போட்டுத்தான் இருந்தார். நெற்றியோரத்துப் பூனைமுடிகூடத் தப்பவில்லை. கன்னத்து நிழலை விரலால் தேய்த்துத் தேய்த்து இழைத்திருந்தார். இந்த மனுஷன் என்னை இவ்வளவு பார்த்திருக்கிறாரா?

"முகத்துல என்ன ஒரு அமைதி!" என்றார் பக்கத்தில் நின்ற டீச்சர்.

எனக்கும் அமைதிக்கும் ஏழாம் பொருத்தம். கிட்டே போய்ப் பார்த்தேன். இமைகள் தாழ்ந்திருந்தன. முகமெல்லாம் வழவழவென்றிருக்க, கண்ணிருக்கும் இடத்தில் மட்டும் ரப்பர் பட்டுப் பட்டுத் தாள் நார்நாராய் எழும்பியிருந்தது. தலையைச் சாய்த்தால், அழித்த கோடுகளின் பள்ளம் தெரிந்தது. திறந்த கண்கள் இரண்டு, நேரே பார்த்துக்கொண்டு.

அந்த வீட்டில் எனக்கு அது கடைசி வாரம். அவர் வரைவதற்காக நாற்காலியில் உட்கார்ந்தபடி அவரையே பார்த்து, "நான் ஒருத்தி இந்த வீட்டுல இருக்கேன்னு உங்களுக்குத் தெரியுதா?" என்று கேட்டேன்.

"பேசாதே, வாய் அசையுது" என்றார்.

அப்புறம் கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருந்தேன். அதைத்தான் அழித்திருக்கிறார்.

அவரே வந்து பக்கத்தில் நின்றார். இளைத்திருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

"பிடிச்சிருக்கா?"

"கண்ணை ஏன் மாத்தினீங்க?"

"நீ முறைச்சுக்கிட்டே இருந்தே. படம் கெட்டுப்போயிடும்னுதான்..."

"முறைக்கலைங்க. கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"என்ன கேட்டே?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"நான் வரலைங்க" என்றேன்.

"அண்ணி, அவசரப்படாதீங்க" என்று நாத்தனார் கையைப் பிடித்தாள். மெதுவாக விடுவித்துக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. இறங்கும் வரைக்கும் அழுதேன்.